அத்தையை ஏமாற்றப் பார்த்த போலிக் குரல்: ஊரில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்

வணக்கம். எங்கள் ஊர் மேலூர் பக்கம். போன மாதம் என் அத்தைக்கு ஒரு போன் வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகனின் குரல், அதே இழுவை, அதே "யம்மா". வண்டியில் ஒருவரை இடித்துவிட்டேன், உடனே 40,000 ரூபாய் அனுப்பு என்று அழுதிருக்கிறது. அத்தை தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா அவன் நம்பருக்கே கூப்பிட்டுப் பார்த்தார். அவன் ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சில வினாடி ஒலிப்பதிவு கிடைத்தாலே செயற்கை நுண்ணறிவு ஒருவர் குரலை அப்படியே நகலெடுத்துவிடும். 2016இல் மறைந்த ஜெயலலிதாவின் குரலே 2024 தேர்தல் சமயத்தில் பேசியதே! அது செயற்கை என்று சொல்லிச் செய்தார்கள். சொல்லாமல், வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி ஒரு போலி ஆடியோ வாட்ஸ்அப்பில் வந்தால் எங்கள் ஊரில் யார் சரிபார்ப்பார்கள்? இதுதான் எனக்குப் பெரிய பயம்.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களையும் பெரியவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் மந்தைத் திடலில் கூட்டலாம் என்றிருக்கிறேன். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும், வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நானே சொல்லிவிடுவேன். ஆனால் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். தன் குரலையே நகலெடுத்து அவர்கள் முன்னால் போட்டுக் காட்டத் தெரிந்தவர் மதுரையில் யாராவது இருக்கிறீர்களா? மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால் போதும், மேலூரிலிருந்து நான் வண்டியில் கூட்டிவந்துவிடுவேன்.