பேஸ் கர்வ்: உள்வளைவா, கவிவா, படிவளைவா?

திங்கள் இரவு, பழைய வண்ணாரப்பேட்டை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவிகளுக்காகக் கண் பராமரிப்புத் துண்டறிக்கை ஒன்று தயார் செய்கிறேன். வியாழன் காலை ராயபுரம் அச்சகத்துக்குப் போக வேண்டும். கான்டாக்ட் லென்சுக்குத் 'தொடுவில்லை' என்று எழுதிவிட்டேன். 'பேஸ் கர்வ்' என்பதற்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். வில்லையின் கண்ணைத் தொடும் பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்கான அளவு அது. மென்வில்லைகளில் பெரும்பாலும் 8.3 முதல் 9.0 மி.மீ.க்குள் இருக்கும். இது பொருந்தாவிட்டால், பவர் சரியாக இருந்தாலும் வில்லை கண்ணில் உட்காராது. மூக்குக்கண்ணாடிச் சீட்டில் இந்த அளவே இருக்காது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஆன்லைனில் வாங்குகிறார்களே, அவர்களுக்குத்தான் இந்த அறிக்கை. 'அடிவளைவு' என்று போட்டுப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

செவ்வாய் காலை, பெரம்பூர்

அம்மா, 'அடி' வேண்டாம். வில்லைக்கு அடி எது, முடி எது? 'கவிவு' என்று வையுங்கள். குடையைக் கவிகை என்றார் வள்ளுவர். கருவிழியின் மேல் வில்லை குடையாகத்தானே கவிகிறது? கவி, கவிழ், கவிப்பு. அப்புறம் குவி, குவை, குவடு. இவை எல்லாமே ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

செவ்வாய் மதியம், தண்டையார்பேட்டை

ஐயா, நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கவி என்றால் கடைக்கு வரும் பிள்ளைகள் பாட்டு எழுதுபவரைத்தான் நினைப்பார்கள். வில்லைப் பெட்டியில் பிசி 8.6 என்று இருக்கும் (பேஸ் கர்வின் சுருக்கம்தான் பிசி), பக்கத்தில் விட்டம் 14.2.

வில்லை இறுகினால் முதலில் சுகமாகவே இருக்கும். சாயங்காலம் கண் சிவக்கும். கழற்றினால் வெள்ளை விழியில் வட்டமாகத் தடம் தெரியும். அடியில் கண்ணீர் புரளாமல் போவதுதான் காரணம். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு இமைப்புக்கும் பார்வை மங்கித் தெளியும், ஓரம் உறுத்தும். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரித் தூசியில் பைக் ஓட்டி வரும் பையன் கண் சிவந்தால் தூசி என்றே நினைக்கிறான். வில்லை இறுகியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றுவதே இல்லை.

இன்னொன்று. 8.4ஐ விட 8.8தான் தட்டை. 'வளைவு 8.8' என்று மட்டும் எழுதினால் அதிகம் வளைந்தது என்று படித்துவிடுவார்கள்.

செவ்வாய் இரவு, திருவொற்றியூர்

கடைக்காரத் தம்பி சொன்னதுதான் முக்கியம். அந்த எண் வளைவு அல்ல, அந்த வளைவு அமையும் வட்டத்தின் ஆரம்; வட்டம் பெரிதானால் வளைவு தட்டையாகும். பாடநூலில் 'வளைவு ஆரம்' ஏற்கெனவே இருக்கிறது. கண்ணைத் தொடுவது உட்பக்கம் என்பதால் 'உள்வளைவு ஆரம்' போதும். கருவிழியின் ஆரம் சராசரி 7.8 மி.மீ.தான். மென்வில்லை கருவிழியைத் தாண்டி வெள்ளைப் பகுதிவரை படர்வதால் அதைவிடத் தட்டையாகச் செய்கிறார்கள்.

புதன் காலை, பெரம்பூர்

'ஆரம்' வடசொல். ஈழத்தவர் 'ஆரை' என்கிறார்கள், அதையாவது எடுக்கலாமே.

புதன் காலை, கொருக்குப்பேட்டை

ஆரை இங்கே கீரை, ஐயா. 'படிவளைவு' எப்படி? படிந்த, படிகின்ற, படியும் வளைவு. 'தொடுவில்லை' போலவே வினைத்தொகை; ஒற்று மிகுமா என்ற சண்டையும் இல்லை.

புதன் மதியம், திருவொற்றியூர்

அழகான சொல். ஆனால் ஆரம் மறுபடி விடுபட்டுப் போகிறதே. ஒரே இடம்தான்: பஸ் பலகையில் வள்ளலார் நகர், கண்டக்டர் வாயில் மின்ட், தெருப்பெயர் தங்கசாலை. மூன்றும் புழங்குகின்றன, யாரும் வழி தவறுவதில்லை. தமிழ்ச் சொல்லும் பெட்டியில் உள்ள எழுத்தும் சேர்ந்தே வரட்டும்.

புதன் இரவு, பழைய வண்ணாரப்பேட்டை

அனைவருக்கும் நன்றி. திருவொற்றியூர் நண்பர் 'உள்வளைவு ஆரம்' என்கிறார், நானும் அங்கேதான் வந்து சேர்ந்தேன். அச்சுக்குப் போகும் பத்தி:

"உள்வளைவு ஆரம் பெட்டியில் பிசி என்று இருக்கும். எண் கூடக் கூட வில்லை தட்டையாகும். ஒரு நிறுவனத்தின் 8.6 உங்களுக்குப் பொருந்தினால் இன்னொன்றின் 8.6ம் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். வில்லை செய்த பொருளும் விட்டமும் மாறும். கருவிழியை அளந்து, வில்லையைப் போட்டுப் பார்த்து, இமைக்கும்போது அது லேசாக நகர்ந்து திரும்புகிறதா என்று பரிசோதித்த பிறகே வாங்குங்கள்."

புதன் பின்னிரவு, பெரம்பூர்

நான் இன்னும் உடன்படவில்லை அம்மா. பெயர்ச்சொல் போகட்டும், வினையையாவது காப்பாற்றுங்கள். "வில்லை கருவிழியின் மேல் சரியாகக் கவிய வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்க இடம் இருக்கிறதா? அச்சகம் ஒன்பது மணிக்குத்தானே திறக்கும்.