இருவர் கயாக் (குறுகலான துடுப்புப் படகு): ஆற்றுக்கும் தூண்டிலுக்கும் எது சரி?

நானும் தம்பியும் சேர்ந்து 150 கிலோ. சில நாள் நான் மட்டும் போவேன். சிட்-ஆன்-டாப் (மேலே உட்கார்ற திறந்த வகை) வாங்கலாமா, சிட்-இன் (உள்ளே இறங்கி உட்கார்ற வகை) நல்லதா?

பதில்: சிட்-ஆன்-டாப்பே வாங்குங்க. உள்ளே ஏறுற தண்ணி தளத்துல இருக்கிற ஸ்கப்பர் துளை வழியா தானா வடிஞ்சிடும், கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிடலாம். தாங்கும் எடை 200 கிலோவுக்கு மேலே இருக்கட்டும். தூண்டில், ஐஸ் பெட்டி எல்லாம் கனம்தான். முக்கியமா, இருக்கையை நடுவுக்கு நகர்த்த முடியுதான்னு பாருங்க. தனியா பின்னாடி உட்கார்ந்தா படகோட மூக்கு தூக்கிக்கும், காத்து அடிச்சா திசை திரும்பிடும்.

பதில்: நீளம் 12, 13 அடி போதும், வளைவுல சுலபமா திரும்பும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூண்டில் வீசாதீங்க. ஓடுற தண்ணியில நங்கூரத்தைப் பக்கவாட்டுல கட்டவே கூடாது தம்பி, படகு சாய்ஞ்சு கவிழ்ந்துடும். நுனியிலதான் கட்டணும். கயிறு அறுக்க ஒரு கத்தி லைஃப் ஜாக்கெட்டுலயே இருக்கட்டும்.