மார்ஷல்ஸ் ரோட்டில் ருக்மிணி லட்சுமிபதி எங்கே?

எழும்பூரான்:
எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கும் சாலைக்குப் பெயர் ருக்மிணி லட்சுமிபதி சாலை. ஆட்டோ ஓட்டுநரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். மார்ஷல்ஸ் ரோடு என்று பழைய பெயரைச் சொன்னால் உடனே வண்டியைக் கிளப்புவார். சென்னை மாகாணத்தில் அமைச்சரான ஒரே பெண்ணுக்கு இவ்வளவுதானா மரியாதை? ராஜரத்தினம் விளையாட்டு அரங்கத்தின் பக்கத்திலாவது அவருக்குச் சிலை வைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தபால்காரர்:
சிலையா? பிறந்த நாளுக்கு ஒரு மாலை, மற்ற நாளெல்லாம் தூசி. பெயர்ப் பலகையை இளக்காரமாக நினைக்காதீர்கள் தம்பி. பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சுமக்கும் இந்த ஊர் முகவரியில் சாலைப் பெயர் மெதுவாகத்தான் ஊறும். ஆதார் அட்டை, வங்கிக் கடிதம், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அந்த அம்மையாரின் பெயர் ஏறிவிட்டது. வாய் மாறத்தான் நாளாகும். 1997-இல் அவருக்கு அஞ்சல் தலையும் வந்தது. எங்கள் துறை மறக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஒரு சந்தேகம். அவர் அமைச்சராக இருந்தது 1946 மே முதல் 1947 மார்ச் வரை. பதினோரு மாதம்கூட முழுதாக இல்லை. அதற்குள் என்ன சாதித்திருக்க முடியும்? 'முதல் பெண்' என்பதற்காகவே சாலை, சிலை என்று போனால் ஊரில் இடம் போதாது.

புரசை வாசகி:
அன்றைய முதல்வர் பிரகாசத்தின் அமைச்சரவை கவிழ்ந்ததால் பதவி போனது. அதற்கு அந்த அம்மாவை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? சரி, அமைச்சர் பதவியை ஒதுக்கிவையுங்கள். 1930-இல் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம். கைதாகி ஓராண்டுச் சிறை. அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற முதல் பெண் அவர்தான். 1937-இல் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, துணைச் சபாநாயகரும் ஆனார். ஆந்திரம், மலபார், தென் கன்னடம் எல்லாம் அன்றைக்குச் சென்னை மாகாணத்துக்குள் அடக்கம். அத்தனை பெரிய மாகாணத்தின் பொதுச் சுகாதாரத்தை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தார்கள் என்றால் சும்மாவா? இவ்வளவையும் விட்டுவிட்டு மாதக் கணக்கு மட்டும் பார்ப்பது உங்கள் பெயருக்குப் பொருத்தம்தான், ஐயா.

கணக்குப்பிள்ளை:
கேலி இருக்கட்டும். சிறை சென்றதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் செய்தியெல்லாம் உங்கள் பதிவில் இருக்கிறது, சாலையில் இல்லை. என் பேத்தி பலகையைப் பார்த்துவிட்டு, "இவங்க யாரோட மனைவி?" என்று கேட்டாள்.

வடசென்னைக்காரி:
பேத்தி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். கணவர் ஆசண்ட லட்சுமிபதி பெயர்பெற்ற ஆயுர்வேத மருத்துவர். பலகையில் பாதி அவர்தானே!

என் சண்டை வேறு. பெண் முன்னோடி என்றதும் காங்கிரஸ் மேடையிலிருந்தே ஆள் தேடுகிறீர்கள். மீனாம்பாள் சிவராஜ் சென்னை மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். 1944-இல் இதே சென்னையில் பட்டியல் வகுப்பினர் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இத்தனை பதிவுகளில் அவரை ஒருவராவது நினைத்தீர்களா? சிலைக்குப் பணம் இருந்தால் முதலில் அவருக்கு வையுங்கள்.

எழும்பூரான்:
ஒருவருக்குக் கேட்டால் இன்னொருவருக்குக் கூடாது என்று பொருளா, அக்கா?

வடசென்னைக்காரி:
அப்படி நான் சொல்லவில்லை. வரிசையில் எப்போதும் யார் முன்னால் நிற்கிறார்கள் என்றுதான் கேட்டேன். தாரா செரியன் 1956-இல் மேயரானார். பட்டியல் வகுப்பிலிருந்து ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார 2022 ஆகிவிட்டது.

புரசை வாசகி:
உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ருக்மிணி அம்மாவைக் குறைத்துத்தான் மீனாம்பாள் அம்மாவை உயர்த்த வேண்டும் என்பதில்லை. எனக்குச் சிலையில் ஆர்வம் இல்லை. இருக்கிற பலகைக்குக் கீழே நான்கு வரி: பிறப்பு 1892, வேதாரண்யம், துணைச் சபாநாயகர், அமைச்சர். கண் மருத்துவமனை வாசலில் காத்திருப்பவர்கள் படிக்கட்டும்.

ஓய்வுபெற்ற தபால்காரர்:
கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எப்படிப் படிப்பார்கள் அம்மா? எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். மாநகராட்சிக்கு மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

வடசென்னைக்காரி:
மீனாம்பாள் பெயரும் அதே மனுவில் இருந்தால் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. இல்லையென்றால் தனி மனு போடுகிறேன்.