‘பிரைமிங்’குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

கணபதிப் பட்டறை, ஞாயிறு இரவு:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அங்கே நடப்பது வேறு வேலை: பழைய பித்தளை பம்ப் ஸ்டவ்களைப் பிரித்து, கழுவி, மாட்டி, திரும்ப எரிய வைப்பது. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் எடைக்கு வாங்கி வருவேன். முதலில் என் ஒருத்தனுடைய கிறுக்காக இருந்தது, இப்போது ஆறு பையன்கள் சேர்ந்துவிட்டார்கள். மலையேறப் போகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு போகும் சின்ன அடுப்பின்மேல்தான் அவர்களுக்கு ஆசை. ஒருத்தன் டாங்க் மூடி முதல் பம்ப் தண்டு வரை சொந்தமாகக் கடைந்தே ஒன்று செய்திருக்கிறான்.

இவர்களுக்காகப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கைப்புத்தகம் போடுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஏழாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

பம்ப் அடிப்பதற்கு முன்னால் பர்னருக்குக் கீழே இருக்கும் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைக்கிறோம் அல்லவா, அதற்குத்தான் சொல் வேண்டும். மண்ணெண்ணெய் 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கவே ஆரம்பிக்கும். பர்னர் குழாய் அந்தச் சூட்டுக்கு வந்தால்தான் மேலே ஏறுகிற எண்ணெய் ஆவியாகி, நிப்பிள் ஓட்டை வழியாகச் சீறி, காற்றோடு கலந்து நீலமாக எரியும். வராவிட்டால் எண்ணெய் எண்ணெயாகவே பீய்ச்சி, முழ உயரத்துக்கு மஞ்சள் தீ எழும்பும்.

கையெழுத்துப் படியில் ‘முன்சூடேற்றவும்’ என்று எழுதியிருந்தேன். போன வாரம் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, ஸ்டவ்வைத் திருப்பி, கம்பெனி முத்திரை இருக்கிற பக்கத்தைத் தன்னைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியை டாங்கின் நெஞ்சில் ஒட்டித் தீப்பெட்டியை எடுத்துவிட்டான். “முன்னாடிதானுங்ண்ணா சூடேத்தச் சொல்லியிருக்குது” என்கிறான். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன்.

ஒரு நல்ல சொல் கொடுங்கள்.


ஈரோட்டு மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை:

சொல்லில் பிழை இல்லை. ‘முன்’ காலத்தையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். சந்தேகம் வருகிறதென்றால் ‘முற்சூடாக்கம்’ என்று மாற்றுங்கள். ‘முற்பகல்’ என்றால் யாரும் பகலின் முகப்பு என்று நினைப்பதில்லையே. பாடநூல் நடைக்கும் ஒத்து வரும். இதற்கு மேல் விவாதம் வேண்டுமா?


உடுமலைப் புலவர், திங்கள் மாலை:

வேண்டும். ‘முற்சூடாக்கம்’ என்பது சொல் அன்று, கோப்பு.

வேரிலிருந்து வருவோம். ‘அடு’ என்றால் சமைத்தல். அதனால் அடுப்பு, அட்டில், அடிசில், அடுமனை. “அட்டாலும் பால் சுவையிற் குன்றாது” என்பதில் காய்ச்சுதல். இதே ‘அடு’வுக்குக் கொல்லுதல் என்றும் பொருள் உண்டு. அடுகளம், அடுபோர் எல்லாம் அதில் வந்தவை. பம்ப் ஸ்டவ் இரண்டு பொருளுக்கும் உரியது என்பதைத் தம்பி சொன்ன நிகழ்ச்சியே காட்டுகிறது.

அடுப்பு என்றதும் எனக்குப் புறநானூறு 164ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இராது. பெருந்தலைச் சாத்தனார், நாடிழந்து காட்டில் இருந்த குமணனிடம் போய்ப் பாடியது. “ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின் ஆம்பி பூப்ப” என்று தொடங்குகிறது. ‘ஆடு’ என்பது இங்கே அடுதல், சமைத்தல். சமையலை அடியோடு மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. அந்தக் குமணன் ஆண்ட முதிரமலை எங்கள் உடுமலைப் பக்கத்து மலைதான் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். உக்கடத்திலிருந்து பச்சைக் களிம்பு பூத்து வருகிற ஸ்டவ்களைத் தம்பி பார்க்கும்போது அந்த ஆம்பியை நினைக்க வேண்டும்.

என் பரிந்துரை: அழலூட்டல். அழல் என்றால் தீ, வெம்மை. பர்னருக்கு அழலை ஊட்டுகிறோம்.


பொள்ளாச்சித் தோட்டத்துக்காரர், திங்கள் இரவு:

ஐயா தப்பா எடுத்துக்காதீங்க. அழலூட்டல், எரியூட்டல்னா ஆத்துப்பாலத்து மயான வாடை அடிக்குதுங்க. சமைக்கற சாமானுக்கு அது வேண்டாம்.

பிரைமிங்னு இங்கிலீஷ்காரன் சொல்றது ஸ்டவ்வுக்கு மட்டும் இல்லீங்களே. கெணத்து மோட்டாருக்கும் அதேதான். ஃபுட் வால்வு ஒழுகி உள்ளே ஏர் புடிச்சுக்கிச்சுன்னா மோட்டார் சும்மா சுத்தும், தண்ணி எடுக்காது. மேல வாயைத் தொறந்து ரெண்டு கொடம் தண்ணி ஊத்துவோம். வால்வு ரொம்பக் கசிஞ்சா சாணியைக் கரைச்சு ஊத்துவோம், சந்துல போய் அடைச்சுக்கும். அப்புறம் போட்டா எடுத்துக்கும். ‘தண்ணி எடுக்குது’ங்கறோம் பாருங்க. ஸ்டவ்வும் தீ எடுக்கோணும். அதனால ‘எடுப்பு’ன்னு வெச்சா ரெண்டுக்கும் ஆகும். பம்ப் செட்டு செஞ்சு ஊர் ஊராக் கொடுத்த கோயமுத்தூர்ல இருந்து இந்த வார்த்தை போனா மரியாதைதானுங்களே.


உடுமலைப் புலவர், திங்கள் இரவு, பத்து நிமிடம் கழித்து:

மயானத்தை ஒப்புக்கொள்கிறேன். என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

‘எடுப்பு’ அருமை! தமிழிசையில் பல்லவியை எடுப்பு என்கிறோம், அனுபல்லவியைத் தொடுப்பு, சரணத்தை முடிப்பு. ஸ்பிரிட் எரிவது எடுப்பு, பம்ப் அடித்து நீலத்தீ பிடிப்பது தொடுப்பு, காற்றுத் திருகைத் தளர்த்தி அணைப்பது முடிப்பு. ஏழாம் பக்கத்தை ஒரு கீர்த்தனையாகவே அமைத்துவிடலாம்.


சென்னைப் பொறியாளர், செவ்வாய் காலை:

ஒரு தகவல். ‘பிரைமிங்’ என்ற சொல்லே ‘பிரைமஸ்’ ஸ்டவ்விலிருந்து வந்ததுதான். அது ஒரு கம்பெனிப் பெயர். பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ‘பிரைமிங்’ என்றே விட்டுவிடலாம்.


ஈரோட்டு மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை:

வரலாறு தலைகீழ். சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் 1892இல் அந்தப் புகையில்லா அடுப்பைக் கொண்டுவந்தார். லத்தீனில் ‘முதல்’ என்று பொருள்படும் சொல்லைப் பெயராக வைத்தார்கள். துப்பாக்கிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் ‘பிரைம்’ பண்ணுவது என்ற வழக்கு அதற்கு வெகு காலம் முன்பே ஆங்கிலத்தில் உண்டு. இரண்டுக்கும் தூரத்து லத்தீன் உறவு இருக்கலாம், தாய் மகள் உறவு இல்லை.

‘எடுப்பு’ எனக்கு ஒப்பவில்லை. கிணற்று மோட்டாரில் நாம் செய்வது காற்றை வெளியேற்றுவது. ஸ்டவ்வில் செய்வது சூடேற்றுவது. ஆங்கிலத்துக்கு ஒரே சொல் போதுமாக இருந்தது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லில் கட்ட வேண்டுமா? கீர்த்தனை பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.


திருப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை, செவ்வாய் இரவு:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை எழுதியவர்களில் எத்தனை பேர் தினமும் பம்ப் ஸ்டவ்வில் சமைத்தவர்கள் என்று தெரியவில்லை. நான் கல்யாணமான முதல் பதினோரு வருஷம் சமைத்தேன்.

ஸ்பிரிட் வாங்க எங்களிடம் காசு ஏது? ரேஷனில் வருகிற நீல மண்ணெண்ணெய்தான். டாங்கின் காற்றுத் திருகை மூடிவிட்டு பம்ப்பை நாலு அடி அடித்தால் எண்ணெய் நிப்பிள் வழியாக வழிந்து கிண்ணத்தில் நிறையும். திருகைத் தளர்த்திவிட்டு அதைப் பற்ற வைப்போம். மஞ்சளாகப் புகைந்து எரியும், பாத்திரத்துக்கு அடியெல்லாம் கரி. அது அணைகிற சமயம் பார்த்துத் திருகை இறுக்கி அடித்தால் ‘கும்’மென்று பிடிக்கும். கொஞ்சம் முந்தினாலும் பீய்ச்சும், பிந்தினால் மறுபடி முதலிலிருந்து.

என் அம்மிச்சி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்கும்: “நல்லா அனத்திப்போட்டு அடி சாமி, அவசரப்படாத.” நேற்று வைத்த குழம்பை அனத்துவோம், குளிக்கத் தண்ணி அனத்துவோம், பர்னரையும் அனத்துவோம். உங்களுக்கு வேண்டிய சொல் அடுப்படியில்தான் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்று அந்தக் காலத்துப் பேப்பரில் அடிக்கடி வரும். மாமியார் வீட்டில் மருமகள் ஸ்டவ் மட்டும் எப்படி வெடிக்கிறது என்று வாசலில் நின்று பேசிக்கொள்வோம், சத்தமாகப் பேச மாட்டோம். பித்தளை பளபளப்பதைப் பற்றி நீங்கள் எழுதும்போது எனக்கு அதுவும் ஞாபகம் வருகிறது. புத்தகத்தில் போடச் சொல்லவில்லை.


கணபதிப் பட்டறை, செவ்வாய் இரவு:

டீச்சர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் வீட்டிலும் ‘தண்ணி அனத்து’ என்றுதான் சொல்கிறோம். எழுதும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை.


மதுரைக்காரர், புதன் காலை:

மன்னிக்கவும், ‘அனத்தல்’ என்றால் எங்கள் ஊரில் காய்ச்சல்காரர் ராத்திரி முழுக்க முனகுவது. ‘ஸ்டவ்வை நன்றாக அனத்தவும்’ என்று படித்தால் சிரிப்பார்கள். வட்டாரச் சொல்லைப் பொதுச் சொல்லாக்கும்போது மற்ற வட்டாரத்தையும் கேட்க வேண்டும்.


உடுமலைப் புலவர், புதன் மதியம்:

இரண்டும் ஒரே சொல்தான்! அனல், அனலுதல், அதன் பிறவினை அனற்றுதல். சூடேற்றுதல் என்றும் பொருள், நோவால் முனகுதல் என்றும் பொருள். காற்று காத்து ஆவதும் ஊற்று ஊத்து ஆவதும் போல அனற்று பேச்சில் அனத்து ஆகிறது. கொங்கு சூட்டை வைத்துக்கொண்டது, மதுரை முனகலை எடுத்துக்கொண்டது. உடம்பு அனலாகக் கொதித்தால்தானே மனிதன் அனற்றுகிறான்?

இன்னும் பாருங்கள், ஸ்டவ் பிடித்துக்கொண்டதும் ‘ஊ’வென்று இரைகிறதே, அதுவும் அனற்றல்தான். சூடும் ஓசையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அச்சில் ‘அனற்றல்’ என்றே வர வேண்டும். கொச்சை வடிவம் நூலில் ஏறக்கூடாது.


கோபிக்காரர், இப்போது பெங்களூரில், புதன் இரவு:

சத்தம் விஷயத்தில் ஒரு திருத்தம். எல்லா பர்னரும் இரைவதில்லை. மேலே ஒற்றைத் தட்டு வைத்தது இரையும், துளைத்தொப்பி போட்ட அமைதி பர்னர் இரையாது. அது அனத்தாமல் அனத்தப்படும்.

எனக்கு வேறு கவலை. ‘பர்னரை அனத்து, டாங்கை அனத்தாதே’ என்று புத்தகத்தில் போடப் போகிறீர்கள், சரி. என்னிடம் ஸ்வியா 123 ஒன்று இருக்கிறது. 1955இல் வந்த வடிவம், உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை அடுப்பு, பெட்ரோல் வகை. அதற்குப் பம்பே கிடையாது. டாங்கின் தலையில் இருக்கும் பள்ளத்தில் எரிபொருளை ஊற்றிப் பற்ற வைப்பார்கள். அந்தச் சூடு குழாய்க்கும் போகும், டாங்குக்கும் போகும். டாங்கு சூடானால்தான் உள்ளே அழுத்தமே ஏறும். பையன்கள் மலைக்குத் தூக்கிப் போக ஆசைப்படுவது இந்த ரகம்தான். இரண்டுக்கும் ஒரே வார்த்தை போட்டு, பம்ப் ஸ்டவ் டாங்கை யாராவது அனத்திவிடப் போகிறார்கள்.


கணபதிப் பட்டறை, வியாழன் அதிகாலை:

இதுதான் என் பயமும். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் பெட்ரோல் ஊற்றக்கூடாது என்பதை இரண்டாம் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டுவிட்டேன். பம்ப் இல்லாத ரகத்தை இந்தப் புத்தகத்தில் தொடவில்லை. காட்டுக்குள் எந்த அடுப்பும் பற்ற வைக்கக்கூடாது என்பதும் பையன்களுக்குத் தெரியும். எங்கள் ‘மலையேற்றம்’ எல்லாம் சூலூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், தண்ணித் தொட்டி ஓரமாக ரசம் வைப்பதோடு முடிந்துவிடும்.

நேற்று ராத்திரி சொற்களைப் பையன்களிடம் சோதித்துப் பார்த்தேன். ஒரு சீட்டில் ‘முற்சூடாக்கம் செய்க’ என்று எழுதிக் கொடுத்தேன். எதை என்று கேட்டார்கள். ‘எடுப்புக் கொடு’ என்றதற்கு ஒருத்தன் பம்ப் அடிக்க ஆரம்பித்துவிட்டான். ‘பர்னரை அனத்து’ என்றதும் மூன்று பேர் நேரே கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றினார்கள். நாலாவது பையன் திருநெல்வேலி, அவன் முழித்தான். மற்றவர்களைப் பார்த்துச் செய்தான். மீதி இரண்டு பேர் பம்ப்பின் தோல் வாசருக்குக் கொட்டமுத்து (ஆமணக்கு) எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தார்கள், தலையைத் தூக்கவே இல்லை.

ஆகவே ‘அனத்தல்’. பக்கத்தின் அடியில் ‘பர்னரைச் சூடேற்றுவது, டாங்கை அல்ல’ என்று ஒரு வரி.


ஈரோட்டு மொழிபெயர்ப்பாளர், வியாழன் காலை:

அடியில் விளக்கம் தேவைப்படும் சொல் கலைச்சொல் ஆகுமா என்ற கேள்வியை மட்டும் பதிவு செய்கிறேன். எதிர்க்கவில்லை. களைத்துவிட்டேன்.


மதுரைக்காரர், வியாழன் காலை:

நான் எதிர்க்கிறேன். எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளவும்.


பொள்ளாச்சித் தோட்டத்துக்காரர், வியாழன் மதியம்:

அனத்தலே இருக்கட்டுமுங்க. கெணத்து மோட்டாருக்கு எடுப்பை நான் வெச்சுக்கறேன்.


உடுமலைப் புலவர், சனி காலை:

ஊரில் இல்லாததால் தாமதம். படி கிடைத்தது, மகிழ்ச்சி. ஏழாம் பக்கத்தில் ‘அனத்தல்’ என்றே அச்சாகியிருக்கிறது. திருத்தப் பட்டியலில் ‘அனற்றல்’ என்று சேர்த்துவிடுக.


கணபதிப் பட்டறை, சனி இரவு:

திருத்தப் பட்டியலே இல்லீங்க ஐயா. பன்னெண்டு பக்கம்தான்.