சிஐஎஸ்எஸ்பி தேர்வு: நெட்வொர்க் ஆள் எங்கிருந்து தொடங்குவது?

ஓசூர்_ரவுட்டர்:

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கிறேன். ஃபயர்வால், விபிஎன், சுவிட்ச் எல்லாம் நான்தான். யாராவது பாஸ்வேர்டை மறந்தால் அதுவும் என் தலையில்தான் வந்து விழும். ஆறு வருடமாக இதே வேலை. படித்தது மூன்று வருட பி.எஸ்சி., பள்ளிக்கூடம் தமிழ் வழி.

சிஐஎஸ்எஸ்பி என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் தேர்வை எழுதலாம் என்று ஆசை. கட்டணம் 749 டாலர். கம்பெனி தராது, கைக்காசுதான். மூன்று வருடப் பட்டம் இருப்பவனை ஏற்றுக்கொள்வார்களா என்பது முதல் சந்தேகம். அடுத்தது, மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தால் நெட்வொர்க் பகுதியில் நன்றாக வருகிறது, ரிஸ்க், கவர்னன்ஸ் என்று வந்தால் அடி வாங்குகிறேன். கேட்டவர்கள் எல்லோரும் "மேனேஜர் மாதிரி யோசி" என்கிறார்கள். நான் மேனேஜராக இருந்ததே இல்லையே, எப்படி யோசிப்பது?

அப்புறம் ஒரு டெலிகிராம் குழுவில் "அசல் கேள்விகள்" என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

தணிக்கை_அக்கா:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வாங்காதீர்கள். தேர்வு தொடங்கும் முன் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்ற ஒப்பந்தம் திரையில் வரும், சம்மதித்தால்தான் முதல் கேள்வியே திறக்கும். முதல் டொமைனிலேயே (பாடப்பிரிவு) தேர்வை நடத்தும் அமைப்பான ஐஎஸ்சி2-வின் நெறிமுறைகள் பாடமாக இருக்கின்றன. அந்தப் பாடத்துக்கே திருட்டுக் கேள்வித்தாள் விற்கிறவனிடம் காசு கொடுப்பதா? போதாததற்கு அந்தக் குழுக்களில் வரும் விடைகளில் பாதி தப்பு.

பட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எட்டு டொமைன்களில் குறைந்தது இரண்டில், மொத்தம் ஐந்து வருடச் சம்பள வேலை கேட்கிறார்கள். கணினி சார்ந்த பட்டம் இருந்தால் அதில் ஒரு வருடம் வரை தள்ளுபடி கிடைக்கலாம், அவ்வளவுதான். உங்களுக்கு அந்தத் தள்ளுபடியே தேவையில்லை. ஃபயர்வாலும் விபிஎன்னும் நான்காவது டொமைன். நீங்கள் அலுத்துக்கொள்கிற பாஸ்வேர்ட் வேலை, யாருக்கு எந்த ஃபோல்டர் திறக்க வேண்டும் என்று பார்ப்பது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடுவது எல்லாம் ஐந்தாவது டொமைன். வேலை விவரத்தை எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள். தேர்ச்சி பெற்றபின் ஒன்பது மாதத்துக்குள் ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் அனுபவத்துக்கு உறுதி கொடுக்க வேண்டும். அப்படி யாரையும் தெரியாது என்றால் ஐஎஸ்சி2-வே அதைப் பார்க்கும்.

இனி அந்த மேனேஜர் பேச்சு. எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். நான் ஒரு வங்கிக்குப் பாதுகாப்புத் தணிக்கை பார்க்கிறவள், எங்கள் டீமில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, 'பாலிசி' என்று எந்த விடையில் இருந்தாலும் அதைக் குத்திவிட்டு வருவார்கள். கெர்பரோஸ் என்ற உள்நுழைவுச் சரிபார்ப்பு முறையில் டிக்கெட்டை யார் கொடுப்பது, ஒருவருக்கு மட்டும் புரியும்படி அனுப்ப யாருடைய சாவியால் பூட்டுவது என்றெல்லாம் நேரடியாகவே கேட்பார்கள். அங்கே மேனேஜர் என்ன செய்வார்?

நான் பிள்ளைகளிடம் சொல்வது வேறு. கேள்வியைப் படித்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். இந்தக் கதையில் நீங்கள் யார்? இதுவரை என்ன நடந்து முடிந்திருக்கிறது?

உங்கள் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வோம். லைனில் ஒரு கணினியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) புகுந்துவிட்டது, உறுதியும் ஆகிவிட்டது, குழுவுக்கும் சொல்லியாகிவிட்டது. அடுத்து என்ன? ஒரு விடை, பேக்கப்பிலிருந்து மீட்பது. இன்னொன்று, அந்தக் கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரிப்பது. மூன்றாவது, மூல காரணத்தைக் கண்டுபிடிப்பது. நான்காவது, ஊழியர்களுக்குப் பயிற்சி. நான்குமே நல்ல வேலைதான், அதில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் பாடத்திட்டத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது: கண்டறிதல், எதிர்வினை, பரவாமல் தடுத்தல், அறிக்கை, மீட்பு, குறையைச் சரிசெய்தல், கற்ற பாடம். கண்டறிதலும் எதிர்வினையும் முடிந்தாயிற்று, எனவே பிரிப்பதுதான் அடுத்தது. பிரிக்காமல் பேக்கப்பைக் கொண்டுவந்து வைத்தால் அதுவும் பூட்டிக்கொள்ளும். இதே கேள்வியில் "பிரித்தாகிவிட்டது" என்று ஒரு வார்த்தை சேர்ந்தால் விடை மாறிவிடும். தமிழ் வழியில் படித்தவர் என்கிறீர்கள், கடைசி வாக்கியத்தை முதலில் படித்துவிட்டு மேலே போய் முழுக்கதையையும் படியுங்கள். கடினமான ஆங்கிலம் அதிகம் இருக்காது, சின்னச் சொற்களில்தான் வைத்திருப்பார்கள்.

"நீங்கள் யார்" என்பதற்கு ஒரு கணக்கு. தரைத்தளத்தில் சர்வர் அறை, உள்ளே 50 லட்ச ரூபாய் சாமான். வெள்ளம் வந்தால் 40 சதவீதம் போய்விடும், அதாவது ஒரு முறைக்கு 20 லட்சம். பத்து வருடத்துக்கு ஒரு தரம் வரும் என்று வைத்தால் வருடக் கணக்கில் 2 லட்சம். எஸ்எல்இ (ஒரு முறை நட்டம்), ஏஆர்ஓ (வருடத்துக்கு எத்தனை முறை), ஏஎல்இ (வருட நட்டம்) என்று புத்தகம் பயமுறுத்துவது இந்தப் பெருக்கலைத்தான். இப்போது ஒருவர் வெள்ளத் தடுப்பு என்று கொண்டுவருகிறார், வருடத்துக்கு 3 லட்சம் செலவு. நெட்வொர்க் ஆளுக்கு உடனே கை பரபரக்கும், போட்டுவிடலாம் என்று. இரண்டைக் காப்பாற்ற மூன்றைச் செலவழிப்பதா? காப்பீடு எடுக்கலாம், ரேக்கை மாடிக்கு ஏற்றலாம், அல்லது நட்டத்தை ஏற்கிறேன் என்று பொறுப்பில் இருப்பவர் கையெழுத்துப் போடலாம். அந்தக் கையெழுத்து உங்களுடையது இல்லை. நீங்கள் கணக்குப் போட்டு முன்னால் வைக்கிறவர். (2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எங்கே தணிக்கைக்குப் போனாலும் ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். சர்வரை மாடியில் வைத்துவிட்டு ஜெனரேட்டரை பேஸ்மென்டில் வைக்கும் புத்திசாலிகள் இன்னும் இருக்கிறார்கள்.)

2024 ஏப்ரலில் மாற்றிய பாடத்திட்டப்படி உங்கள் நெட்வொர்க் டொமைனுக்கு 13 சதவீதம்தான், ரிஸ்க் டொமைனுக்கு 16. தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்து மகிழாமல் அங்கே உட்காருங்கள். நம் ஊர்ச் சட்டத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் அவசர உதவி அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்ற 2022 உத்தரவு உங்கள் வேலைக்கு அவசியம். தேர்வுக்கு ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டமான ஜிடிபிஆரும், தகவல் கசிவை அறிவிக்க அது தரும் 72 மணி நேரக் கெடுவும் போன்ற வெளிநாட்டு விதிகள் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூரோங்வாசி:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். நான் தேர்வு அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேள்விகள் 100-லிருந்து 150 வரை, நேரம் 3 மணி. உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினி தேர்ந்தெடுக்கும், விட்டுவிட்டுப் பிறகு வரலாம் என்பதெல்லாம் நடக்காது. 100-ல் நின்றால் பாஸ் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள், ஃபெயிலும் 100-ல் நிற்கும். உள்ளே 25 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, எவை என்று தெரியாது. எனவே வினோதமாக ஒன்று வந்தால் அதிலேயே உட்கார்ந்துவிடாமல் நகருங்கள். இடைவேளை எடுக்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது.

முக்கியமான விஷயம் பெயர். தமிழர்களுக்கு இது பெரிய தலைவலி. பதிவில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நாம் இனிஷியலோடு எழுதிப் பழகியவர்கள், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். பணம் கட்டும் முன்பே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். ஏதாவது ஒட்டவில்லை என்றால் அப்போதே அவர்களுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள், மையத்தின் வாசலில் பேசிப் பயனில்லை. ஆதாரில் கையெழுத்து இல்லை என்பதால் பாஸ்போர்ட்தான் நிம்மதி. கையெழுத்துள்ள இன்னொரு அட்டையும் எடுத்துப்போங்கள்.

ஓசூர்_ரவுட்டர்:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. "நீங்கள் யார்" என்று கேட்டு, நேற்று தப்பான விடைகளையெல்லாம் திரும்பப் பார்த்தேன். முக்கால்வாசியில் நானே போய் எதையோ சரி செய்யப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு. பழைய எஸ்எஸ்டிகளை ஏலத்துக்கு அனுப்பும் முன் டீகாஸ் செய்யலாம் (வலுவான காந்தப்புலத்தால் அழிப்பது) என்று விடை போட்டேன், தப்பு என்கிறது. யார் எதைப் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் பெல்-லபடுலா, பிபா என்ற இரண்டு பாதுகாப்பு மாதிரிகளும் எப்போதும் தலைகீழாகவே வருகின்றன.

தணிக்கை_அக்கா:

எஸ்எஸ்டியில் காந்தமே இல்லை தம்பி, டீகாஸ் செய்தால் எதை அழிக்கும்? முழுக்க என்கிரிப்ட் செய்திருந்தால் சாவியை அழிக்கலாம், இல்லையென்றால் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளை. ரகசியம் பெரிது என்றால் ஏலமே வேண்டாம், தூளாக்குங்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியின் 800-88 ஆவணம் இலவசம், அதில் கிளியர், பர்ஜ், டிஸ்ட்ராய் என்ற மூன்று அழிப்பு நிலைகளையும் ஒரு மாலையில் படித்துவிடலாம்.

பிபாவுக்கு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே சம்ப்பில் இருக்கும் கலங்கல் மாடித் தொட்டிக்கு ஏறக்கூடாது. கீழிருப்பவர் மேலே எழுதக்கூடாது, மேலிருப்பவர் கீழே படிக்கக்கூடாது. தகவல் கெடாமல் காப்பது அதன் வேலை. பெல்-லபடுலாவுக்கு ரகசியம்தான் கவலை, மேலே இருப்பது கீழே கசியக்கூடாது. அதனால் மேலே படிக்கத் தடை, கீழே எழுதத் தடை. ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதைத் திருப்பிப் போட்டால் போதும்.

ஸ்லாட் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

ஓசூர்_ரவுட்டர்:

பெங்களூரில் பார்த்தேன் அக்கா, இன்னும் பணம் கட்டவில்லை. ஜூரோங் அண்ணன் சொன்னாரே என்று பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், பெயர் சரியாக இருக்கிறது, அடுத்த மாதம் காலாவதி. முதலில் அதைப் புதுப்பிக்கக் கொடுக்கிறேன், அதற்குள் ரிஸ்க் டொமைனை முடித்துவிடுவேன்.