வலது கை தாளத்துக்குப் பிந்துகிறது: சென்னையில் யாரைப் பார்க்கலாம்?

அப்பாவுக்கு வயது 61. மந்தைவெளியில் வீட்டிலேயே மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர். ஐந்து மாதத்துக்கு முன் சிறுமூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து ஸ்ட்ரோக். பெருமூளையில் என்றால் எதிர்ப்பக்கக் கை போகும். சிறுமூளையில் அதே பக்கம்தானாம். அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கையில் பலம் அப்படியே இருக்கிறது. தவறுவது நேரம்தான். ஆதி தாளம் முதல் காலத்தில் (மெதுவான வேகம்) சமாளித்துவிடுகிறார். இரண்டாம் காலம் (அதன் இரட்டிப்பு வேகம்) போனதும் வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்தில், விரல் ஒரு இழை பிந்தி விழுகிறது, இடக்கை வாசிக்கும் தொப்பிப் பக்கம் முந்திக்கொள்கிறது. காபி டம்ளரை எடுக்கப் போனால் கை அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. உள்ளங்கையை மாற்றி மாற்றிப் புரட்டச் சொன்னால் நாலாவது தடவையே தடுமாற்றம். பேச்சு தெளிவு.

மூன்று மாதம் பிசியோதெரபி போனோம். நடை சரியாகிவிட்டது, கை இல்லை. மெட்ரோனோமை (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து தினமும் அரை மணி வாசித்துவந்தார். 80-ஐத் தாண்டினால் பழைய கதைதான். மணிக்கட்டில் எடை கட்டியும் பார்த்தோம். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது, வேகம் வரவில்லை. நரம்பியல் மருத்துவர் பொறுமையாக இருக்கச் சொல்கிறார். சரி, ஆனால் அப்பா இப்போது மிருதங்கத்துக்கு உறை போட்டுவிட்டார்.

வாத்தியக்காரர்களின் கைக்குத் தாளத்தை வைத்தே பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் யாராவது மயிலாப்பூர், அடையாறு பக்கம் இருக்கிறார்களா?