மவுஸ்ஸாக்கலைக் கரையைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

அண்ணாமாரே, அக்காமாரே, வணக்கம். இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்கு மேலேதான் எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு. மின்சாரத்துக்குத் தண்ணீர் போய், மழையும் பொய்த்தால், 1969இல் கட்டி முடித்த அணைக்குள் மூழ்கிய பழைய கோயில்கூட வெளியே தெரியும்.

என் கவலை கரைதான். நீர் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு புல்கூட நிலைப்பதில்லை. வெறும் மண், விரல் நுழையுமளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. முதல் மழைக்கே அந்த மண்ணும் தோட்டத்து உரமும் சேர்ந்து இறங்கி, ஓரத்துத் தண்ணீர் பால் போட்ட தேத்தண்ணி மாதிரி ஆகிவிடுகிறது; அப்புறம் பாசி. பிள்ளைகள் அதில்தான் குளிக்கிறார்கள்.

மண்ணைப் பிடித்து நிறுத்தும் வெட்டிவேர் மாதக்கணக்கில் மூழ்கினாலும் தாங்குமாம். காசல்ரீ, கொத்மலை நீர்த்தேக்கங்கள் பக்கம் யாராவது நட்டீர்களா? எந்த மாதம், நாற்று எங்கே கிடைத்தது? கரையில் நட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?